போன் பேட்டரிக்கு ஏன் வயதாகிறது?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கைப்பேசி பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பட்டணத்துக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள், அப்படியே கடையிலும் ஏறி போனைக் காட்டிவிட்டுப் போவார்கள்.

போன மாதம் ஓர் அக்கா வந்தார். போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்ததும் அது ஊஞ்சல்போல் ஆடியது. முதுகு உப்பியிருந்தது. திரையின் ஒரு பக்கம் சட்டத்தைவிட்டு எழும்பி, இடுக்கில் நகம் நுழையும் அளவுக்கு நின்றது.

“கீழே போட்டதே இல்ல தம்பி. ராத்திரி பூரா சார்ஜ் போட்டு, நூறு பார்த்துட்டுத்தான் எடுப்பேன். வாரத்துக்கு ஒரு தடவை முழுசா இறக்கி விடுவேன். அவ்ளோ பத்திரமா வச்சிருந்தேன்” என்றார்.

எங்கே வைத்து சார்ஜ் போடுவீர்கள் என்று கேட்டேன். தலையணைக்கு அடியில். பாட்டு கேட்டுக்கொண்டே தூங்குவாராம்.

அவர் உண்மையிலேயே பத்திரமாகத்தான் வைத்திருந்தார். ஆனால் அவருக்குக் கிடைத்த யோசனைகள் வேறொரு காலத்து பேட்டரிக்கு உரியவை. இன்றும் அதே யோசனைகளைத்தான் பெரும்பாலானவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

## “முழுசா இறக்கி ஏத்தணும்” என்பது எங்கிருந்து வந்தது?

ஆரம்பகாலக் கைப்பேசிகளிலும், காவலாளிகள் இடுப்பில் தொங்கிய வாக்கி டாக்கிகளிலும் நிக்கல் காட்மியம் என்ற வகை பேட்டரி இருந்தது. அதற்கு ஒரு கெட்ட குணம். பாதி மட்டும் இறக்கிவிட்டுத் திரும்பத் திரும்ப சார்ஜ் போட்டால், அந்தப் பாதிதான் தன் முழுக் கொள்ளளவு என்பதுபோல் நடந்துகொள்ளும். இதைத்தான் பேட்டரியின் ‘நினைவு விளைவு’ என்பார்கள். அதற்கு மருந்தாக, அவ்வப்போது முழுக்க இறக்கிவிட்டு ஏற்றச் சொன்னார்கள். புது போனை முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜில் வைக்கச் சொன்னதும் அந்தக் காலத்துப் பேச்சுதான்.

லித்தியம் அயனி பேட்டரியை 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் கையில் இருக்கும் போன், பவர் பேங்க், மடிக்கணினி, காதில் மாட்டும் கருவி எல்லாவற்றிலும் இருப்பது இந்த வகைதான். போன்களில் இருக்கும் இந்த வகைக்கு நினைவு விளைவு ஒரு பொருட்டே இல்லை. முழுக்க இறக்குவதால் நன்மை எதுவும் கிடைக்காது, தேய்மானம்தான் கூடும்.

சரி, பழைய விதியைத் தூக்கிப் போட்டாயிற்று. புதிய விதி என்ன என்று புரிய வேண்டுமானால், உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

## ஆற்றுக்கு இக்கரையில் லயம், அக்கரையில் மேடு

ஒரு தோட்டத்தை மனத்தில் வையுங்கள். ஆற்றுக்கு இக்கரையில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள், அக்கரையில் மேட்டுக்காடு. நடுவே ஆள் மட்டும் நடக்கக்கூடிய தொங்குபாலம். மோட்டார் சைக்கிள் அந்தப் பாலத்தில் ஏறாது. பட்டணம் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் அக்கரைக்குப் போக வேண்டும்.

ஒவ்வோர் ஆளும் மோட்டார் சைக்கிளை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் பாலத்தில் நடந்து போகிறார். மோட்டார் சைக்கிள் பட்டணம் வழியாக வந்து அவரோடு சேர்ந்துகொள்கிறது. பட்டணத்தைக் கடக்கும்போது அது நாலு வேலையை முடித்துவிட்டு வருகிறது.

பேட்டரிக்குள்ளும் இதே கதைதான். ஆள் என்பது லித்தியம் அயனி. எலக்ட்ரான் ஒன்றை இழந்து நிற்கும் அணுவுக்குத்தான் அயனி என்று பெயர். மோட்டார் சைக்கிள் என்பது அது கொடுத்துவிட்ட எலக்ட்ரான். பட்டணம் என்பது உங்கள் போன். எலக்ட்ரான்கள் போன் வழியாகச் சுற்றிப் போகும்போதுதான் திரை எரிகிறது, பாட்டு கேட்கிறது.

லயம் இருக்கும் பக்கம் லித்தியம் கலந்த உலோக ஆக்சைடு பூசிய தகடு. மேடு இருக்கும் பக்கம் கிராஃபைட், அதாவது பென்சிலுக்குள் இருக்கும் அதே கரி, பூசிய தகடு. நடுவில் நுண்துளைகள் கொண்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள். எல்லாம் ஒரு திரவத்தில் ஊறியிருக்கும். அயனிகள் அந்தத் திரவத்தின் வழியாகத் தாளைக் கடந்துவிடும். எலக்ட்ரான்களால் முடியாது.

சார்ஜ் போடுவது ஆட்களை மேட்டுக்கு ஏற்றுவதுபோல. தானாக நடக்காது, வெளியிலிருந்து தள்ள வேண்டும். சுவர் மின்சாரம் அந்த வேலையைச் செய்கிறது. போனைப் பயன்படுத்தும்போது ஆட்கள் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். அதற்கு யாரும் தள்ள வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டை உருவாக்கியதற்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குடினஃபுக்கு 97 வயது. அந்த வயதில் நோபல் பெற்றவர் அவருக்கு முன் யாரும் இல்லை. போனைத் தொடும்போது அவரை நான் சில நேரம் நினைத்துக்கொள்வேன்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: பேட்டரிக்குள் மின்சாரம் தண்ணீர்போல் நிரம்பிக் கிடக்கவில்லை. லித்தியம் அயனிகள் இரண்டு தகடுகளுக்கு நடுவே போய் வருகின்றன. அப்படிப் போய்வர எத்தனை அயனிகள் மிச்சமிருக்கின்றனவோ, அதுதான் பேட்டரியின் பலம்.

## மங்கில் ஒட்டிய பால்

என் அம்மா பால்மரம் வெட்டியவர். சின்ன வயதில் விடுமுறை நாட்களில் கூடப் போவேன். மங்கில், அதாவது மரத்தில் வடியும் ரப்பர்ப் பாலைப் பிடிக்கும் கிண்ணத்தில், சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி வழித்தெடுத்தாலும், மங்கின் உட்புறம் ஒரு மெல்லிய ஏடு ஒட்டிக்கொண்டே இருக்கும். ஏடாக ஒட்டியது அன்றைய வாளிக்கு வராது. துடைக்காமல் விட்டால், நாளாக நாளாகத் தடித்து, மங்கில் பால் பிடிக்கும் இடத்தையே குறைத்துவிடும்.

பேட்டரிக்கு வயதாவதும் பெரும்பாலும் இப்படித்தான். கரித் தகட்டின்மேல், முதல் சார்ஜிலேயே ஒரு மெல்லிய ஏடு படிகிறது. திரவமும் கரியும் நேரடியாக மோதிக்கொள்ளாமல் அது காக்கிறது, ஆகவே அந்த ஏடு வேண்டியதுதான். ஆனால் அது லித்தியத்தைத் தின்றுதான் உருவாகிறது. காலம் போகப்போகத் தடித்துக்கொண்டே வருகிறது. ஏட்டில் மாட்டிய லித்தியம் மறுபடி பாலத்தைக் கடக்க வராது. மங்கைத் துடைக்கலாம், பேட்டரிக்குள் துடைக்க வழியில்லை.

ஏடு தடித்தால் இன்னொரு தொல்லையும் வருகிறது. மீதமுள்ள அயனிகளும் அதற்குள் நுழைந்து போக நேரமெடுக்கும். கேமராவைத் திறக்கும்போதோ, விளையாட்டு ஓடும்போதோ போன் திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும். கிழட்டு பேட்டரியால் அந்த வேகத்துக்குக் கொடுக்க முடியாது. “15 விழுக்காடு இருக்கு, பொசுக்குன்னு அணைஞ்சு போச்சு” என்று சொல்லிக்கொண்டு வருகிறார்களே, அதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். திரையில் தெரியும் விழுக்காடு போன் கணக்கிட்டுச் சொல்லும் மதிப்பீடு. பழைய பேட்டரியில் அந்தக் கணக்கு தடுமாறும்.

2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஒன்றை ஒப்புக்கொண்டது. பேட்டரி பழசான சில ஐபோன்கள் இப்படித் திடீரென்று அணையாமல் இருக்க, அவற்றின் வேகத்தைத் தானே குறைத்து வைத்திருந்ததாகச் சொன்னது. முன்கூட்டிச் சொல்லாமல் செய்ததால் பலருக்குக் கோபம், அது நியாயமான கோபம். ஆனாலும் அதில் நமக்கு ஒரு பயனுள்ள தகவல் இருக்கிறது. பழைய போன் மந்தமாகிவிட்டால், புது போன் வாங்குவதற்கு முன் பேட்டரியை மாற்றிப் பார்க்கலாம்.

## பேட்டரிக்குப் பெரிய பகை சூடு

ஏடு படிவது ஒரு வேதிவினை. சூடு கூடினால் வேதிவினை வேகமெடுக்கும். வெயிலில் வைத்த மாவு சீக்கிரம் புளிப்பதுபோல்தான். ஆகவே பேட்டரி சூடாக இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதற்குக் கொஞ்சம் கூடுதல் வயதாகிறது.

ஐபோனை 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். நம் ஊரில் நண்பகல் நிழலிலேயே 33, 34 பாகை சாதாரணம். தகரக் கூரைக்குக் கீழே இன்னும் கூடும். குளிர்நாட்டுக்காரர் சாதாரணமாகச் செய்வதை நாம் செய்யும்போது பேட்டரிக்கு மூச்சுவிட இடமே இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், சார்ஜர் வயரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள்கூட போன் எங்கே கிடக்கிறது என்று பார்ப்பதில்லை.

தலையணைக்கு அடியில் சார்ஜ் போடுவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். சார்ஜ் ஏறும்போது போன் சூடாவது இயல்பு. அந்தச் சூடு வெளியேற வேண்டும். பஞ்சும் துணியும் சேர்ந்து அதைப் பொத்தி வைத்துவிடும். மெத்தையும் அப்படித்தான். சிமெண்டுத் தரையோ மேசையோ போதும்.

அடுத்தது மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோகும் தம்பிகள். கைப்பிடியில் மாட்டிய போன், நேர் வெயில், வழிகாட்டும் வரைபடம், முழு வெளிச்சம், கூடவே பவர் பேங்க்கிலிருந்து சார்ஜ். பேட்டரிக்கு இதைவிடக் கடுமையான வேலையை நான் பார்த்ததில்லை. போனுக்குமேல் நிழல் தரும் சின்னத் தொப்பி விற்கிறார்கள், அதை மாட்டிக்கொள்ளுங்கள். உணவுக்காகக் கடையில் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் நிழலில் வைத்து சார்ஜ் போடுங்கள், ஓட்டும்போது முடிந்தவரை வேண்டாம்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் போனை விட்டுப் போவதும் இதே கணக்குத்தான். கண்ணாடி மூடிய காரின் முன்பலகை 50 பாகையையும் தாண்டும்.

போன் கொதித்துப்போனால் ஐஸ் பெட்டிக்குள் வைக்காதீர்கள். கடைக்கு அப்படியும் வந்திருக்கிறது. குளிரிலிருந்து வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். உறையைக் கழற்றி, மின்விசிறிக்கு முன் வைத்தால் தானே ஆறிவிடும்.

## நூறும் வேண்டாம், சுழியமும் வேண்டாம்

நூறு விழுக்காடு என்றால், போய்ச் சேர வேண்டிய ஆட்கள் எல்லாரும் மேட்டில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று பொருள். அந்த நெருக்கடியில் தகடுகளுக்கும் திரவத்துக்கும் இழுபறி அதிகம். சிறிது நேரம் அப்படி இருந்தால் பாதகமில்லை. இரவு முழுக்க, அதுவும் சூட்டோடு, அப்படி நிற்பதுதான் தேய்மானத்தைக் கூட்டுகிறது.

இரவெல்லாம் சார்ஜில் விட்டால் மின்சாரம் ஏறிக்கொண்டே போய் வெடித்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஒழுங்கான போனில் அப்படி நடக்காது, நிரம்பியதும் நிறுத்த உள்ளேயே கட்டுப்பாட்டுச் சுற்று இருக்கிறது. கடைசி 20 விழுக்காடு மெதுவாக ஏறுவதும் அந்தக் கட்டுப்பாட்டால்தான். காலி பஸ்ஸில் ஏறுகிறவர்கள் உடனே உட்காருவார்கள், கூட்டம் நிரம்பிய பிறகு ஒவ்வொருவராக இடம் பார்த்துத்தான் நுழைய வேண்டும்.

இப்போது பல போன்களில் 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய் பேட்டரி என்ற பகுதியில் தேடினால் கிடைக்கும். வீட்டிலும் வேலையிடத்திலும் சார்ஜ் போட வசதியுள்ளவர்கள் அதைப் போட்டுவிடலாம். நாள் முழுக்க செம்பனைக் காட்டில் இருப்பவருக்கு நூறு தேவைதான், அவர் தாராளமாக நூறு ஏற்றட்டும். போன் நமக்காக இருக்கிறது.

சுழியத்துக்கு இறக்குவதும் நல்லதல்ல. பழைய போனை அலமாரியில் போட்டு வைப்பவர்கள் முழுக்க இறக்கிவிட்டு வைத்தால், சில மாதங்களில் அது எழுந்திருக்காமலே போகலாம். பாதி சார்ஜில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை சார்ஜ் போடலாம்?” என்பது கடையில் ஓயாமல் கேட்கும் கேள்வி. செருகும் எண்ணிக்கைக்குக் கணக்கே கிடையாது. பேட்டரியின் வயதைச் ‘சுழற்சி’ கணக்கில் அளப்பார்கள். மொத்தமாக நூறு விழுக்காடு செலவானால் ஒரு சுழற்சி. இன்று 50, நாளை 50 செலவழித்தால் இரண்டு நாளும் சேர்ந்து ஒரே சுழற்சி. ஐபோன் 14 வரையிலான போன்கள் 500 சுழற்சிக்குப் பிறகும், ஐபோன் 15 வரிசை 1000 சுழற்சிக்குப் பிறகும், நல்ல சூழலில் 80 விழுக்காடு கொள்ளளவோடு இருக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்று ஆப்பிள் சொல்கிறது. ஆக, கொஞ்சம் கொஞ்சமாக எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம்.

சுருக்கமாக: சூடு முதல் பகை. நிரம்பிய நிலையில் நெடுநேரம் நிற்பது இரண்டாவது. முழுக்க இறக்குவதால் பயனில்லை. எத்தனை தடவை செருகினோம் என்று எண்ண வேண்டியதில்லை.

## பெரிய சார்ஜர் போனைக் கெடுக்குமா?

கெடுக்காது. சார்ஜர்மேல் எழுதியிருக்கும் ‘வாட்’ என்பது, அது கொடுக்கக்கூடிய அதிகபட்ச வேகம். 65 வாட் சார்ஜரை 15 வாட் மட்டுமே வாங்கும் போனில் செருகினால் 15-தான் போகும். இரண்டும் ஒன்றையொன்று கேட்டுத்தான் ஆரம்பிக்கும். குழாய் பெரிதாக இருந்தாலும் எவ்வளவு திறப்பது என்பது போன் கையில்.

வேகமாக ஏற்றினால் சூடு கொஞ்சம் கூடும். அவசரத்துக்குப் பயன்படுத்துங்கள், இரவில் மெதுவான சார்ஜர் போதும். சுவரில் செருகுவதை வாங்கும்போது, பாதுகாப்புச் சோதனையில் தேறியதைக் காட்டும் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அஞ்சு வெள்ளி சார்ஜரில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

## இரவுச் சந்தையில் பவர் பேங்க் கணக்கு

“பத்தாயிரம்னு போட்டிருக்கு, என் போன் ஐயாயிரம். ரெண்டு தடவை ஏறணும்ல? ஏன் ரெண்டாவது தடவை முழுசா ஏறாம நின்னு போகுது?”

இந்தக் கேள்வியில் விற்றவர்மேல் சந்தேகம் ஒளிந்திருக்கும். பெரும்பாலும் ஏமாற்று எதுவும் இல்லை. பத்தாயிரம், ஐயாயிரம் எல்லாம் மில்லி ஆம்பியர் மணிக் கணக்கு. அது, எவ்வளவு மின்னோட்டத்தை எத்தனை மணி நேரம் தர முடியும் என்ற அளவு. 5000 என்றால் 1000 மில்லி ஆம்பியரை 5 மணி நேரம் தரலாம். ஆனால் இது பாதிக் கணக்குத்தான். மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் உயரம்போல, மின்னழுத்தம் என்று இன்னொன்று உண்டு, அதை வோல்ட்டில் சொல்வார்கள். இரண்டையும் பெருக்கினால்தான் உண்மையான கையிருப்பு தெரியும். அதற்கு வாட் மணி என்று பெயர்.

பவர் பேங்க்கின் உள்ளே இருக்கும் பேட்டரி 3.7 வோல்ட். 10000 மில்லி ஆம்பியர் மணியை அதால் பெருக்கினால் 37 வாட் மணி. வெளியே தருவதோ 5 வோல்ட். 37-ஐ 5-ஆல் வகுத்தால் 7400 மில்லி ஆம்பியர் மணிதான் வருகிறது. மாற்றும்போது சூடாக வீணாவதையும் கழித்தால் 6000-க்குச் சற்று மேலே நிற்கும். பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இந்தச் சின்ன எண்ணையும் போட்டிருப்பார்கள். அதைப் போடுகிறவர் நேர்மையானவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நிஜமாகவே ஏமாற்றுவது வேறு வகை. தீப்பெட்டி கனம்கூட இல்லாத ஒன்றில் 50000 என்று அச்சடித்திருக்கும். 10000 உள்ள நல்ல பவர் பேங்க் ஏறக்குறைய 200 கிராம் கனக்கும். கையில் எடுத்துப் பாருங்கள், கனம் பொய் சொல்லாது.

ஊருக்கு, கோயில் குளத்துக்கு என்று விமானம் ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பவர் பேங்க்கை லக்கேஜில் போட்டு அனுப்பக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். பொதுவாக 100 வாட் மணி வரை தனி அனுமதி கேட்காமல் விடுவார்கள். அதாவது சுமார் 27000 மில்லி ஆம்பியர் மணி.

## பேட்டரி உப்பிவிட்டால்

உள்ளே இருக்கும் திரவம் சிதைந்தால் வாயு உண்டாகும். பேட்டரியின் உறை காற்றுப் புகாதது, அதனால் பலூன்போல் உப்புகிறது. அந்தத் திரவம் தீப்பிடிக்கக்கூடியது. ஆகவே உப்பிய போனை சார்ஜ் போடாதீர்கள். திரையை அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை விடாதீர்கள், அப்படிச் செய்துவிட்டு விரல் வெந்து வந்த பையனை நான் பார்த்திருக்கிறேன். அணைத்துவிட்டு, வீட்டுக்கு வெளியே நிழலில், ஒரு தகர டப்பாவில் மணல் போட்டு அதன்மேல் வைத்து, பழுது பார்ப்பவரிடம் கொண்டு வாருங்கள். புகை வந்தால் பக்கத்தில் நிற்காமல் வெளியேறி 999-க்கு அழையுங்கள்.

லயத்துக்குப் பின்னால் குப்பை கொளுத்தும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தக் குப்பையில் பழைய பேட்டரி ஒன்றுகூட இருக்கக் கூடாது. வீட்டில் கிடக்கும் பழைய போன்களையும் பேட்டரிகளையும் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடலாம். அருகில் இல்லையென்றால் என் கடையில் போடுங்கள், சேர்த்து நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அந்த அக்காவின் போனுக்கு வேறு பேட்டரி போட்டுக் கொடுத்தேன். திரை நல்லவேளையாக உடையவில்லை. 80 விழுக்காட்டில் நிற்கும்படி மாற்றிக் காட்டியபோது, “பாட்டு கேட்காம தூக்கம் வராதே தம்பி” என்றார். சாயங்காலம் சமைக்கும் நேரத்தில் மேசைமேல் வைத்து சார்ஜ் போட்டு எடுத்துவிடுங்கள், இரவில் வயர் இல்லாமல் தலைமாட்டில் பக்கத்து முக்காலியில் வைத்துப் பாட்டு ஓடட்டும் என்றேன். போன வாரம் மீன் வாங்க வந்தவர் கடையில் எட்டிப் பார்த்து, போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்துக் காட்டினார். ஆடவில்லை.